தாடியின் மறியல்

மகள் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்குள் வந்தாள். நாய் எழுந்து போய் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது.

நடந்தது அவ்வளவுதான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் நிலையில் அம்மாக்காரி அப்போது இல்லை. வாசலில் நின்று மரக்கிடங்கைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காமல், பயம் பாதி கோபம் பாதியாகத் தவித்துக்கொண்டிருந்தவளுக்குக் குழந்தையைக் கண்டதும் முதலில் வந்தது கோபம்தான். முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் இழுத்துக் கட்டிக்கொண்டாள். பலகை அடுக்குகளுக்கு நடுவே போகாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், காது எதற்கு இருக்கிறது, கம்மல் மாட்டவா என்று திட்டிக்கொண்டே துண்டால் தலையைத் துவட்டினாள். குழந்தையின் மேலெல்லாம் ஒரே எண்ணெய் நாற்றம். மரத்தில் பூச்சி விழாமலிருக்கப் பூசுகிற கறுப்பு எண்ணெய், மூக்கில் ஏறினால் கண் கரிக்கும். கவுன் முழுக்கத் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போய் வழுக்கி விழுந்திருக்கிறாள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் அம்மாக்காரி அப்போது கவனிக்கவில்லை.

துவட்டிக்கொண்டே நகர்ந்தபோது நாய் காலில் இடித்தது. தள்ளு தாடி என்றாள். தாடி தள்ளவில்லை. குழந்தை இந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்தால் அதுவும் இந்தப் பக்கம் வந்து எதிரே உட்கார்ந்தது. அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். குரைக்கவில்லை, உறுமவில்லை. கண்ணை மறைத்துத் தொங்கும் முடிக்குள்ளிருந்து இமைக்காமல் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தாடி டெரியர் சாதி. டெரியர் என்றதும் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற உருப்படி என்று நினைத்து வந்து, வாசலிலேயே பின்வாங்கிப் போனவர்கள் உண்டு. கன்றுக்குட்டி உயரம், கம்பி போல் முறுக்கிய கறுப்பு முடி, தண்ணீர் குடித்துவிட்டு வீடெல்லாம் சொட்டவிட்டு நடப்பதற்கென்றே மோவாயில் ஒரு தாடி. எடை அம்மாக்காரிக்குச் சமம், சாப்பாடு அவளைவிட அதிகம். அவள் புருஷன் அந்த மரக்கிடங்கில் காவல் நாய்களைப் பழக்குகிறவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு நாய் வாத்தியார் என்று பெயர். அவர் எதிரில் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், பையன்களைப் பழக்குவதைவிட இது மேல் என்பார். கிடங்கின் கடைக்கோடியில் முதலாளி கொடுத்த வீடு. இரண்டு அறை, ஒரே வாசல், கம்பி போட்ட ஜன்னல்கள். வாசலைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய பலகைகளும், அடுக்குகளுக்கு நடுவே ஒன்றுக்குள் ஒன்று போய் முடிகிற சந்துகளும். அவள் வீட்டிலிருந்தபடியே, நாய்ப் பழக்கத்துக்குக் கையில் மாட்டுகிற சணல் உறைகள் தைத்துக்கொடுத்தாள். வேலை நேரத்தில் கிடங்கைச் சுற்றுகிற தாடி, வேலை முடிந்தால் வீட்டுப் பிள்ளை. மகள் நடை பழகியதே அதன் கழுத்து முடியைப் பிடித்துக்கொண்டுதான். ஒருமுறை அதன் தாடியில் அவள் ரிப்பன் கட்டிவிட, அது அந்தக் கோலத்தோடேயே காவலுக்குப் போய், லாரி டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வேலையில் தாடி யாரையும் கடிப்பதில்லை. அடுக்குகளுக்கு நடுவே வேற்றாள் ஒருவனைக் கண்டால் அவன் எதிரே போய் உட்காரும். அவன் நகர்ந்தால் நகரும். மீறி ஓர் அடி வைத்தால் அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு குரைப்பு. அதையும் மீறினால் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு, வாத்தியார் வருகிற வரைக்கும் அப்படியே நிற்கும். கிடங்கில் இதை எல்லோரும் மறியல் என்பார்கள். நேற்று ஒருத்தன் மாட்டினானாமே, தாடி மறியல் பண்ணிடுச்சாமே என்று டீக்கடையில் பேச்சு ஓடும்.

அந்த மறியலைத்தான் அது இப்போது அவள் மகளிடம் செய்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி முழுக்க நாய் படுக்கவே இல்லை. விடிந்து பார்த்தபோதும் கட்டிலுக்கும் அவள் பாய்க்கும் நடுவே, குழந்தையின் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தது. மோவாயிலிருந்து எச்சில் வழிந்து தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. கட்டிலில் மகள் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்துகொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது விழித்தாள், விழித்தாளா இல்லை தூங்கவே இல்லையா, தெரியவில்லை. எழுந்திரு கண்ணு என்றதும் எழுந்தாள். பல் தேய் என்றதும் தேய்த்தாள். ரொட்டியைக் கொடுத்ததும் தின்றாள். ஒரு துணுக்கு கீழே சிந்தவில்லை.

அவள் மகளை வீட்டில் ரேடியோ என்பார்கள். கண் விழித்த நிமிஷத்திலிருந்து கண் அசருகிற வரைக்கும் ஓடும். நிலாவுக்கு யார் சுவிட்ச் போடுவது, தாடிக்கு ஏன் ஜட்டி இல்லை, ஊசிக்குக் காது இருக்கிறதே அதற்குக் கேட்குமா என்று தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிரை எடுப்பாள். கொஞ்சம் வாயை மூடேன்டி, காதில் ரத்தம் வருது என்று அம்மா கெஞ்சாத நாளில்லை. இப்போது அந்த வாய் மூடியிருந்தது. நிம்மதியாக உட்கார்ந்து தைக்கலாம். அவளால் உட்கார முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். ஜன்னலைச் சாத்தினாள், புழுங்குகிறது என்று திறந்தாள். எங்கே நின்றாலும் முதுகில் அந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அசையாமல் நாற்காலியில். ஒன்று அசையாமல் அவள் எதிரே.

கதவைத் திறந்ததும் தாடி வெளியே பாய்ந்தது. மழையில் கிடங்கின் அந்தக் கோடி வரைக்கும் ஓடி, பழைய ஷெட் பக்கமிருந்து விட்டு விட்டுக் குரைத்தது. அப்புறம் அதே வேகத்தில் திரும்பி வந்து, சேறும் சகதியுமாக மகள் எதிரே உட்கார்ந்தது. மறுபடி ஓடியது. மறுபடி வந்தது. அம்மாக்காரியின் பாவாடையைக் கவ்வி வாசல் பக்கம் இழுத்தது. அதற்கே தான் எங்கே இருக்க வேண்டுமென்று தெரியாமல் அல்லாடுவது போலிருந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் பாதி தூரம் போனாள். கால் சேற்றில் புதைந்தது. கிடங்கில் ஈ காக்கை இல்லை. அறுவை மெஷின் பழுதாகி வேலையாட்களுக்கெல்லாம் விடுமுறை, வாட்ச்மேன் அந்தப் பக்கத்துப் பெரிய கேட்டில் எங்கோ இருக்கிறார். மழையைத் தவிர ஒரு சத்தமில்லை. வீட்டில் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று நினைப்பு வந்தது. பாதியிலேயே திரும்பி ஓடிவந்தாள்.

தாடியை இழுத்துவந்து ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டாள். கயிறு எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு அது குழந்தையைப் பார்த்து உட்கார்ந்தது.

மத்தியானம் நாத்தனார் வந்தாள். புருஷனின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தத்துக்கும் பேய்க்கும் பயப்படாதவள், அண்ணிக்குப் பயந்த பாவனை மட்டும் செய்வாள். குழந்தையின் நாடியைப் பிடித்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். காய்ச்சலில்லை, உடம்பு கொஞ்சம் ஜில்லென்றிருக்கிறது, மழையில் நனைந்ததுதான் என்றாள். அத்தைக்கு ஒரு முத்தம் கொடு என்றதும் குழந்தை எழுந்து வந்து முத்தம் கொடுத்தது. நாத்தனார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததை அண்ணி பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் எண்ணெய் நாற்றம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பிறகு அவளே காரணமும் கண்டுபிடித்தாள். இந்த நாற்றம்தான் அண்ணி விஷயமே. மனுஷருக்கே குமட்டுகிறது, நாய் மூக்குக்குக் கேட்க வேண்டுமா? நம் பிள்ளை வாசனை அடியில் போய்விட்டது, அதற்கு இவள் யாரோ. அண்ணன் புது ஆளுக்குச் செய்வாரே, அந்தச் சேர்க்கையைப் போட்டுவிடுங்கள், தீர்ந்தது என்றாள். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, எதற்கோ தயங்கி, ராத்திரி டூட்டி இல்லையென்றால் இங்கேயே தங்கியிருப்பேன் என்றாள். கேட்காமலே சொன்னதுதான் அம்மாக்காரியை உறுத்தியது.

சேர்க்கை என்பதும் கிடங்கு வார்த்தைதான். வாத்தியார் என்று பெயர் வைத்த பிறகு பள்ளிக்கூடம்போல் சேர்க்கை வேண்டாமா? புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால் வாத்தியார் அவன் உள்ளங்கையைத் தன் உள்ளங்கைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்து நாயின் மூக்கடியில் பிடித்து, "நம்மாளு" என்பார். நாய் மோந்து பார்த்து ஒரு நக்கு நக்கும். அதோடு சரி. அப்புறம், வாத்தியாரோ அவர் பெண்டாட்டியோ வாயைத் திறந்து மறி என்று சொன்னாலொழிய, அந்த ஆளை அது ஜென்மத்துக்கும் மறிக்காது. அவன் மேல் யாராவது கை வைத்தால் அவனுக்காகவும் நிற்கும். இதை அவரும் அவளும் மட்டுமே செய்யலாம். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. வேலையை விட்டு அனுப்பிய ஒருத்தன் ஒருநாள் சுவரேறிக் குதித்து தேக்குப் பலகைகளைக் கடத்திக்கொண்டு போனபோது, தாடி அவனுக்குத் துணையாக லாரி வரைக்கும் நடந்து போய் வழியனுப்பிவிட்டு வந்தது.

புருஷன் பக்கத்து ஊருக்குத் தாடிக்கு அடுத்த வாரிசாக ஒரு குட்டியைப் பார்த்து வாங்கிவரப் போயிருந்தார். ஆற்றில் வெள்ளம், பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, வடிந்ததும் வருகிறேன் என்று போனில் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தாடி இதுவரைக்கும் தப்பா மறிச்சதே இல்லையே," என்றார்.

"அப்போ இது யாரு? உங்க பொண்ணு இல்லாம ரோட்ல போற பொண்ணா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு நாயைப் பாத்தா பயமா இருக்குங்க. ராத்திரி அவ மேல பாஞ்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் உடனே இறங்கிவந்தார். எண்ணெய்தான் காரணம், தங்கச்சி சொல்வது சரி, சேர்க்கை போடு என்றார். முதல் தடவை முரண்டு பிடிக்கும், விடாதே, மறுபடி சொல் என்றார். அதன் மூக்கு ஒன்று சொல்லி நாம் ஒன்று சொன்னால் நாம் சொல்வதைத்தான் அது நம்பும், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன் என்றார். அதில் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் பெருமை.

போனை வைத்துவிட்டு அவள் அடுப்படியில் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்து தன் குரலே அவளுக்குக் கேட்டது.

அவளுடைய குரல்தான். மெதுவாக, இருட்டில் நூல் கோப்பதுபோல் தட்டுத் தடவி. "எங்கடி போன... எங்கடி போன... காது எதுக்கு இருக்கு." கடைசி வார்த்தையில் அவள் கோபப்படும்போது வருகிற அந்தக் கரகரப்பு வரைக்கும். முட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் தாடி கயிற்றில் நின்றுகொண்டு உடம்பெல்லாம் நடுங்கியது.

குழந்தைகள் அம்மா மாதிரி பேசிக் காட்டாதா என்ன? காட்டும். ரேடியோ ஊரில் உள்ள எல்லோர் மாதிரியும் பேசிக் காட்டுவாளே. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தரையில் சிந்திய முட்டையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்ற அவமானம் பயத்தைவிடப் பெரிதாக வந்தது. இரண்டு நாளாகக் குழந்தை முகங்கொடுத்துப் பேசாததற்கு நாய்தான் காரணம், எந்நேரமும் ஒரு மலை எதிரே உட்கார்ந்து முறைத்தால் எந்தக் குழந்தைதான் பேசும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. அதையே பிடித்துக்கொண்டாள்.

மழை தூறலாகிவிட்டிருந்த சாயங்காலத்தில் அவள் தாடியை அவிழ்த்துவிட்டு, மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து தன் கையை நீட்டி, உன் கையை இதன் மேல் வை என்றாள். மகள் வைத்தாள். வழவழவென்று, குளிர்ந்து, ஒரு துளி வியர்வை இல்லாத கை. எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் வேறெந்த வாசனையும் அவளுக்கும் கிடைக்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து நாயின் மூக்கடியில் கொண்டுபோனாள்.

"நம்மாளு," என்றாள்.

தாடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். நம்மாளு. அது பின்னால் நகர்ந்தது. தொண்டைக்குள் சன்னமாக ஓர் அழுகை. அத்தனை பெரிய உடம்பிலிருந்து, அப்போதுதான் பிறந்த குட்டி போல ஒரு சத்தம். முடியை விலக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. அந்தப் பழுப்புக் கண்ணை அவள் இத்தனை நேராக எப்போதும் பார்த்ததில்லை. நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று அது கேட்டது. அவளுக்கு அப்படித்தான் பட்டது. ஒரு கணம் கையை எடுத்துவிடலாமென்று தோன்றியது. மகளின் விரல்கள் அவள் விரல்களோடு பின்னிக்கொண்டன.

"நம்மாளுடா தாடி. நம்ம பொண்ணுடா," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாய் தலையைத் தாழ்த்தியது. நாக்கை நீட்டி அந்தச் சின்ன உள்ளங்கையை ஒரு தடவை நக்கியது. பிறகு போய் மகளின் காலடியில் படுத்துவிட்டது. மகள் குனிந்து அதன் கழுத்து முடிக்குள் கையை நுழைத்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்பாடா என்றிருந்தது. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி. புருஷனுக்குப் போன் போட்டு, ஆயிற்று, பெரிய மனுஷர் ஒத்துக்கொண்டார் என்றாள். அவரும் சிரித்தார். பாலத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறதாம், நாளைக்கு வந்துவிடுவாராம். விளக்கைப் போட்டாள். இரண்டு நாளில் முதல் முறையாக மெஷினில் உட்கார்ந்து, ஊசிக்கு நூல் கோத்து, ஓர் உறையின் ஓரத்தை ஒழுங்காக ஓட்டி முடித்தாள். ஊசி நின்றபோது கூரையும் நின்றிருந்தது. மழை விட்டுவிட்டது. தகரத்தில் சத்தமில்லை. எத்தனையோ நேரத்துக்குப் பிறகு வெளியுலகம் கேட்டது. எங்கோ தண்ணீர் வடிகிற சத்தம். நனைந்த பலகைகள் முனகுகிற சத்தம். சேற்றில் ஏதோ இழுபடுகிற சத்தம்.

கதவில் தட்டினார்கள்.

ஆள் தட்டுகிற உயரத்தில் இல்லை. கீழே.

"அம்மா."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது.

"அம்மா, கதவத் தொற. கால் வலிக்குது. பலகை விழுந்துருச்சும்மா, நான் ஒளிஞ்சு வெளயாடுனேன், நீ கண்டுபிடிக்கவே இல்ல. நான் எவ்ளோ கத்துனேன். தாடி வந்துச்சு, கொலச்சுச்சு, அப்புறம் போயிருச்சு. மழத் தண்ணி குடிச்சேன், பூச்சி இருந்துச்சு, பூச்சி வயித்துக்குள்ள முட்டை போடுமாம்மா? அம்மா?"

ரேடியோ.

குரல் கம்மி, மூச்சு வாங்கி, பல் கிட்டித்து. ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது.

நாற்காலி சாய எழுந்தாள். கதவை நோக்கி ஓடினாள். பாதி அறை கூடக் கடக்கவில்லை. அதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து அவள் குரலிலேயே ஒரு கட்டளை வந்தது. தட்டுத் தடவி அல்ல. சுத்தமாக.

"தாடி, மறி."

கறுப்பாக ஏதோ அவளைக் கடந்தது. திரும்பியது. கதவில் முதுகை வைத்து, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது.

"தாடி, விடு," என்று கத்தினாள்.

"தாடி, மறி," என்றது அதே குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து.

நாய் இவளைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. ஒரே குரல். ஒரே வீடு. இரண்டுமே நம்மாளு. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. மூக்கு சொன்னதை நாய் கேட்கவில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், மறித்தவரை விடாதே. திருடன் சத்தம் கொடுத்து ஏமாற்றக் கூடாதென்று வாத்தியார் எத்தனையோ நாள் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஓர் அடி வைத்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு குரைப்பு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இன்னோர் அடி. மணிக்கட்டு அதன் வாய்க்குள் போனது. பல் பதியவில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, முட்டையைப் பிடிப்பது போல் பிடித்திருந்தது. இழுத்தாள். வரவில்லை. மறு கையால் குத்தினாள், முகத்திலும் கழுத்திலும், பைத்தியம் பிடித்தவள் போல. அது கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. விடவில்லை.

"கண்ணு, அங்க நிக்காத! வாட்ச்மேன் தாத்தாகிட்ட போ!"

"கண்ணு, அங்கேயே இரு. அம்மா வரேன்."

வெளியே பேச்சு நின்றது.

"அம்மா," என்றது குழந்தை. "ஏன் ரெண்டு பேரா பேசுற?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அதையும் அது சொல்லும். வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். குட்டிக் கால்கள் தரையில். எண்ணெய் நாற்றம் நெருங்கி வந்தது. குளிர்ந்த ஒரு கை அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. அவள் விலாவில் ஒரு சின்னக் கன்னம் சாய்ந்தது.

தட்டும் சத்தம் மறுபடி வந்தது. இன்னும் கீழே. நிலைப்படிக்கு ஒட்டி.

அப்போதுதான் இன்னொரு சத்தம் அவளுக்குக் கேட்டது. கதவின் இந்தப் பக்கத்திலிருந்து. வெளியே ஒவ்வொரு தட்டுக்கும், உள்ளேயிருந்து மெத்தென்று ஒரு பதில். நாயின் வால். அதற்குத் தெரியும், கதவுக்கு வெளியே யாரென்று. மணிக்கட்டைக் கவ்விய வாய் அசையவில்லை, உட்கார்ந்த உடம்பு அசையவில்லை, வால் மட்டும் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும்போது அடிக்குமே, அதே சந்தோஷத்தோடு.

தட்டு. வால்.

தட்டு. வால்.

ஒரு நீளமான இடைவெளி. விரல் நகம் மரத்தைச் சுரண்டிக்கொண்டு கீழே இறங்கும் சத்தம்.

வால். வால். வால்.